பேனா கடைய ஒரு லேத்: மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது

பேனாவின் மரத் துண்டுகளைக் கோத்துக் கடையும் கம்பியான மாண்ட்ரலின் கூம்பு முனையை, லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலின் வாயில் வைத்து அழுத்தினேன். நுனிகூட நுழையவில்லை. துளையிட்டு, பித்தளைக் குழாய் ஒட்டி, காய வைத்த இரண்டு ஈட்டி மரத் துண்டுகள் மேசைமேல் காத்திருந்தன. மாண்ட்ரலின் கூம்பு இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர், அதாவது இத்தகைய கூம்புகளுக்கான நிலையான அளவுகளில் ஒன்று. லேத் முதலாம் எண். லேத்தின் வாய் விட்டம் சுமார் 12 மி.மீ., மாண்ட்ரல் கூம்பின் தடித்த பக்கம் கிட்டத்தட்ட 18 மி.மீ. எப்படி நுழையும்? வாங்கும்போது இதைப் பற்றி விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பது எனக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் அது என் இரண்டாவது லேத். முதலாவது, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பொம்மை போன்ற இயந்திரம். பேனாவுக்கு 15 சென்டிமீட்டர் நீளம்கூட வேண்டாமே, சிறியது போதும் என்று நினைத்துவிட்டேன். நீளத்துக்குப் போதும்தான். ஆனால் எடையில்லாத லேத் அதிரும். அதிர்ந்தால் உளி மரத்தைச் சீவாது, கொத்தும். 7 மி.மீ. துளைபோடும் பிட்டைச் சற்று அழுத்தினாலே மோட்டார் நின்றுவிடும். மரத்தைச் சீவத் தொடங்கினால் இயந்திரமே மேசையில் நகர்ந்துபோகும். ஒரு பேனாகூட முழுதாக வராமல் அதை மூலையில் வைத்தேன்.

அந்தச் சூட்டில்தான் இரண்டாவது தவறைச் செய்தேன். மோட்டாரின் வாட் எண்ணையும் வேகத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன். "பேனாதானே சார், இது தாராளமாகப் போதும்" என்றார் விற்பனையாளர். நம்பினேன்.

முதலாம் எண் டேப்பருக்கும் மாண்ட்ரல் கிடைக்கிறது, தேடி வாங்கிக்கொண்டேன். ஆனால் துளையிடும் பிட்டைப் பிடிக்கும் சக், மறுமுனையைத் தாங்கிச் சுழலும் கூர்முனையான சென்டர் என்று அடுத்தடுத்து எதைத் தேடினாலும், இரண்டாம் எண்ணுக்கு இருக்கும் வகைகள் இதற்கு இல்லை. பேனாவுக்கென்று லேத் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஹெட்ஸ்டாக் (மோட்டார் சுழற்றும் பக்கம்), டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும், நகர்த்தக்கூடிய பக்கம்) இரண்டிலும் இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் இருக்கிறதா? ஸ்பிண்டிலின் வெளி மரை எந்த அளவு என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மரத்தைப் பிடிக்கும் சக் வாங்கப் போகும்போது அந்த எண் இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். நான் திரும்பியிருக்கிறேன்.

ஒருவழியாகப் பேனா கடைந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பித்தளை வளையத்தைப் பொருத்தி விரலை ஓட்டியபோது மனம் விழுந்துவிட்டது. ஒரு பக்கம் மரமும் வளையமும் சமம். எதிர்ப்பக்கம் மரம் மேடாக நின்று நகத்தில் தட்டியது. வட்டமாக வர வேண்டியது முட்டை வடிவில் வந்திருந்தது. மாண்ட்ரலின் திருகை அதிகம் முறுக்கினால் கம்பி வளைந்து இப்படி ஆகும் என்று படித்திருந்ததால், இளக்கிப் பார்த்தேன். டெயில்ஸ்டாக் அழுத்தத்தைக் குறைத்தேன். மரத் துண்டின் இரு பக்கமும் மாட்டும் அளவு வளையங்களான புஷ்கள் தேய்ந்திருக்குமோ என்று மாற்றினேன். பிறகு மாண்ட்ரலையே மாற்றினேன். அடுத்த நான்கு பேனாக்களும் அதே குறையோடு வந்தன. நல்ல மரம் அத்தனையும் வீண்.

காரணம் லேத்தில் இருந்தது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர் சென்டர், டெயில்ஸ்டாக்கில் ஒரு சென்டர் போட்டு, இரண்டு முனைகளும் ஏறக்குறைய தொடும்வரை நகர்த்திப் பார்த்தேன். ஊசி முனையும் ஊசி முனையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். என்னுடையதில் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் விலகல் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு மேசைக்கால் கடைய அது பெரிய குறையாக இல்லாமல் போகலாம். சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே இருக்கும் பேனாவுக்கு அது பெருங்குறை.

லேத்தைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனேன். "மரம் கடைகிற லேத் இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இரண்டு முனைகளையும் அவர்கள் கண்முன்னே சேர்த்துக் காட்டினேன். பார்த்துவிட்டும் அதே பதில். மீண்டும் சுமந்துகொண்டு திரும்பினேன். அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

மூன்றாவது முறை வேறு கடை. பையில் இரண்டாம் எண் டேப்பரில் இரண்டு கூர் சென்டர்கள், ஒரு இரும்பு அளவுகோல், ஒரு மரத்துண்டு. "பெட்டியைப் பிரித்துக் காட்டினால்தான் வாங்குவேன்" என்றேன். அவர் தயங்கினார், நான் நகரவில்லை. பிரித்தார். முனைகளைச் சேர்த்தேன். டெயில்ஸ்டாக்கைப் பூட்டியபின் ஒருமுறை, அதன் தண்டை முழுதாக வெளியே நீட்டி ஒருமுறை. இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிடாதீர்கள். தண்டு உள்ளே இருக்கும்போது சரியாகத் தெரிவது, நீட்டினால் கோணலாக விலகலாம். விலகவில்லை.

தண்டு எவ்வளவு தூரம் நீள்கிறது என்றும் அளந்தேன். பேனாவின் குழாய் 5 சென்டிமீட்டரைத் தாண்டும். லேத்திலேயே துளையிட நினைத்தால் தண்டு குறைந்தது 6 சென்டிமீட்டராவது போக வேண்டும். இல்லையென்றால் நடுவில் நிறுத்தி டெயில்ஸ்டாக்கைத் தள்ளிப் பூட்ட நேரும். துளை கோணுவது அங்கேதான். பெல்ட் மாற்ற இரண்டு மூன்று புல்லிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். துளையிட நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் மெதுவாக, ஆனால் பலத்தோடு ஓட வேண்டும். கடைய 2,000 முதல் 3,000 வரை. திருகி வேகம் குறைக்கும் குமிழ் மட்டும் இருந்தால், குறைந்த வேகத்தில் பல மோட்டார்களுக்கு வலு இருப்பதில்லை.

எடை 40 கிலோ. இருவர் பிடித்துத்தான் ஏற்றினோம். மகிழ்ச்சியாக இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கையிலிருப்பதை எல்லாம் லேத்துக்கே கொட்டிவிடாதீர்கள். உளி, அதைத் தீட்டும் கல், சக், முகக் கவசம் என்று சேர்ந்தால் லேத்தின் விலையை எட்டிவிடும். ஈட்டி, கருங்காலி போன்றவற்றின் தூசி பலருக்கு ஒவ்வாது. மூக்குக் கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடவே கூடாது. மெருகேற்ற ஓடும் லேத்தில் துணியைக் கொண்டுபோகாதீர்கள். துணி சுற்றினால் விரலையும் இழுக்கும்; காகிதமென்றால் கிழிந்துவிடும்.

புது லேத்தில் முதலில் ஈட்டித் துண்டுதான் ஏற்றினேன், மிச்சமிருந்த கடைசித் துண்டு. துளையின் மறுமுனையில் மரம் பிளக்காமலிருக்க, துண்டை நீளமாக வைத்துக்கொண்டு முழுதும் துளைக்காமல் நிறுத்தி, நுனியை ரம்பத்தால் அறுத்தேன். கடைந்து, உப்புத்தாள் போட்டு, வளையம் பொருத்தி, சுற்றிலும் நகத்தை ஓட்டினேன். எங்கும் தட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.