கை காட்டினால் நிற்கும் வண்டி

என் அம்மாவுக்கு 76 வயது. சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் வசிக்கும் அவர், ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்குப் புறப்படும்போது சாலையோரத்தில் நின்று, வரும் டாக்சியின் கூரை விளக்கு பச்சையா சிவப்பா என்று கண்களைச் சுருக்கிப் பார்ப்பார். பச்சை என்றால் கையை உயர்த்துவார். கைப்பேசிச் செயலி அவருக்குப் பழகவில்லை.

சென்ற மாதம் ஒரு மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்காகத் தனியாகச் சென்றவர், திரும்பும்போது டாக்சி நிறுத்தத்தில் 40 நிமிடம் நின்றிருக்கிறார். வந்த வண்டிகள் எல்லாம் செயலி வழியாக முன்பதிவு செய்தவர்களுக்காக வந்தவை. முன்பதிவு ஆன வண்டி என்பதைக் காட்டக் கூரையில் எரிந்த 'ஆன் கால்' என்ற எழுத்து, கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பியதாக அன்றிரவு அவர் சொன்னபோது எனக்கு மனம் தாங்கவில்லை.

சிங்கப்பூர்ச் சாலைகளில் 2014-ஆம் ஆண்டில் 28,000-க்கும் அதிகமான டாக்சிகள் ஓடின. இன்று அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2013-இல் கிராப், ஊபர் செயலிகள் இங்கு வந்த பிறகு தனியார் வாடகைக் கார்கள் பெருகின. 2018-இல் ஊபர் விலகிய பின்னும் பயணிகளின் பழக்கம் மாறவில்லை. ஆனால் சாலையில் கை காட்டுபவரை ஏற்றிக்கொள்ளும் உரிமை இன்றும் டாக்சிக்கு மட்டுமே உண்டு. தனியார் வாடகைக் கார் அப்படி ஏற்றுவது சட்டவிரோதம். ஆகவே டாக்சிகள் குறையக் குறைய, செயலி இல்லாதவருக்கு அந்த இடத்தை நிரப்ப வேறு வண்டி கிடையாது.

ஓட்டுநர்களை நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலோர் நிறுவனத்திடம் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து, எரிபொருளுக்கும் தாங்களே செலவழிப்பவர்கள். வாடகைப் பணத்தை முதலில் ஈட்டியாக வேண்டிய ஒருவர், காலி வண்டியோடு சுற்றுவதைவிட உறுதியான முன்பதிவை ஏற்றுக்கொள்வது இயல்புதான்.

இந்த நாடு டாக்சியைப் பொதுமக்களின் தேவையாகக் கருதி ஒழுங்குபடுத்திய வரலாறு நீண்டது. 1960-களில் உரிமம் இல்லாத கள்ள டாக்சிகள் ஆயிரக்கணக்கில் ஓடின. பேருந்துச் சேவை போதாமல் இருந்ததால் மக்களும் அவற்றை நம்பியிருந்தனர். அவற்றை அகற்ற முனைந்த அரசு வெறும் தடையோடு நிற்கவில்லை. 1970-இல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) தொடங்கிய கம்ஃபர்ட் கூட்டுறவின் வழியாக, ஓட்டுநர்கள் முறையாகத் தொழில் செய்ய வழி உண்டானது. பயணியையும் ஓட்டுநரையும் சேர்த்து யோசித்த அந்த அணுகுமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்றும் அதே அக்கறை வேண்டும். மருத்துவமனை, பலதுறை மருந்தகம், ஈரச்சந்தை ஆகிய இடங்களின் நிறுத்தங்களில் வரிசையில் நிற்பவரை ஏற்றும் ஓட்டுநருக்குச் சிறிய ஊக்கத்தொகை கிடைக்கலாம்; நிறுத்தத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தி வண்டி அழைக்கும் வசதி இருக்கலாம். அம்மாவின் அடுத்த பரிசோதனைக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்கிறேன். அந்த நிறுத்தத்தில் அன்று அவருக்கு முன்னால் இன்னும் மூன்று முதியவர்கள் நின்றிருந்தார்களாம்.