பூவரசங் கட்டையில் ஆரஞ்சுக் கிண்ணங்கள்: முதல் சிலைடு தண்ணீரில்

ஐப்பசி மூன்றாம் வாரம், வெண்ணாற்றங்கரை. பட்டை உரிந்த பூவரசங் கிளை. மண்ணோடு ஒட்டிய அடிப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு விரற்கடை மேலே அரை மில்லிமீட்டர் ஆரஞ்சுக் கிண்ணங்கள்: செத்த கட்டையில் வளரும் கிண்ணப் பூஞ்சை. காம்பில்லை, முடியில்லை, வெளிச்சம் ஊடுருவுகிறது. பத்து மடங்கு கைலென்ஸில் இவ்வளவுதான் கிடைக்கும். விளிம்பில் விறைத்த கருமுடி இருந்திருந்தால் ஸ்கூட்டெல்லினியா என்ற இன்னொரு கிண்ணப் பூஞ்சைப் பேரினத்தின் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

நகத்தால் கிள்ளினால் கிண்ணம் நசுங்கிவிடும். 2 மி.மீ. கட்டையோடு பிளேடால் செதுக்கித் தீப்பெட்டியில் வைப்பது நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து, பச்சைப் பூசணம் ஏறிவிடும். மரத்தின் பெயரை அங்கேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தபின் வாகையா பூவரசா என்று கட்டை சொல்லாது.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் குறுக்குவெட்டுக்குத் தஞ்சாவூர்க் கைவினைக்காரர்கள் பயன்படுத்தும் நெட்டியே (நீர்ச்செடித் தண்டின் மென்மையான சோறு) போதும். ஒரு துண்டை நடுவில் பிளந்து, இடையில் கிண்ணத்தை வைத்து, நனைத்து, புது பிளேடால் நெட்டியோடு சேர்த்துச் சீவ வேண்டும். இதற்குப் பலரும் எடுக்கும் கேரட்டைவிட இது மிருது, கிண்ணம் நழுவாது.

முதல் சிலைடு தண்ணீரில் மட்டும். போர் தண்ணீரில் உப்புப் படிகம் குழப்பும், டிஸ்டில்டு வாட்டர் நல்லது. இந்த வரிசையை மாற்றியதில்தான் முதல் கிண்ணம் வீணானது: 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை முதலிலேயே விட்டதும் செல்கள் செத்து, ஸ்போருக்குள் (பூஞ்சையின் வித்துக்குள்) எதுவும் தெரியவில்லை. இரண்டாவது கிண்ணம் உயிரோடு, தண்ணீரில், 100 மடங்கு ஆயில் லென்ஸில்: ஒவ்வொரு ஸ்போருக்குள்ளும் சுவரோடு ஒட்டிய பளிச்சென்ற சிறு உருண்டை. ஆர்பிலியா என்ற கிண்ணப் பூஞ்சைப் பேரினத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. உலர்ந்த மாதிரியில் இது கிடைக்காது. ஹெர்பேரியப் பொட்டலத்தை (உலர்த்திச் சேமித்த மாதிரியை) மட்டும் நம்பிப் பெயர் வைப்பது தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து அயோடின்: ஆஸ்கஸின், அதாவது ஸ்போர்கள் உருவாகும் பையின், நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்க. லூகால் கரைசல்: பொட்டாசியம் அயோடைடு 3 கிராமைச் சிறிது தண்ணீரில் கரைத்து, அதில் அயோடின் 1 கிராம் போட்டுக் கரைந்தபின் 100 மி.லி. ஆக்க வேண்டும். தண்ணீரில் நேரே போட்டால் அயோடின் அடியிலேயே தங்கிவிடும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், மைக்ராஸ்கோப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதன் ஆவி உலோகத்தை அரிக்கும்.

பூஞ்சைக்குப் பலரும் பயன்படுத்தும் இன்னொரு அயோடின் கரைசலான மெல்சர் ஏன் வேண்டாம்? சில இனங்களில் ஆஸ்கஸ் நுனி லூகாலில் சிவக்கும், முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, பிறகு லூகால் விட்டால் நீலமாகும். மெல்சரில் அந்தச் சிவப்பு மறைந்துவிடும், 'நிறமில்லை' என்று தவறாகக் குறித்துவிடுவோம்.

பூவரசங் கிண்ணத்தில் நுனி நிறம் மாறவில்லை. ஆர்பிலியாதான்.

கார்த்திகையில் செத்த மூங்கிலில் வெள்ளை முடிக் கிண்ணம்: முடிகளில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு, பாராபைசிஸ் (ஆஸ்கஸ்களுக்கு இடையே நிற்கும் ஸ்போரில்லா இழைகள்) ஈட்டி வடிவில் ஆஸ்கஸை மீறி நீள்கிறது, ஆஸ்கஸ் நுனி லூகாலில் நீலம். லாக்னம் என்ற பேரினம்.

இரண்டுக்கும் பேரினத்தோடு நிறுத்தினேன், இனப்பெயர் எழுதவில்லை; அதற்கு ஸ்போரை அளக்க வேண்டும். ஆஸ்கஸுக்குள் இருக்கும் ஸ்போர் முற்றாததாக இருக்கலாம், அதை அளக்கக் கூடாது. ஈரப்பெட்டியில் கிண்ணத்துக்கு மேல் கவர் ஸ்லிப்பை இரவு முழுதும் நிறுத்தி, தானே வீசி விழுந்த ஸ்போர்களில் இருபதையாவது அளக்க வேண்டும். மூங்கில் மாதிரி இப்போது அந்தப் பெட்டியில் இருக்கிறது.