கார் கூட்டத்தை இழுக்கும், கையெழுத்தை அல்ல

1973-இல் கட்டாய ராணுவச் சேர்ப்பு நின்றதிலிருந்து அமெரிக்கப் படைகள்தான் ஆளைத் தேடிப் போகவேண்டும். 2009-இல் விமானப்படை ஆள்சேர்ப்புக்காக ஊர் ஊராகக் கொண்டுபோன எக்ஸ்-1 என்ற முஸ்டாங் காரில் ஒரே இருக்கை, அதுவும் நட்டநடுவில், போர் விமானி உட்காருவதுபோல. கூடவே வேப்பர் என்ற சேலஞ்சர் கார்.

வான்காட்சியில் விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் ஆறு எஃப்-16 போர் விமானங்கள் உறுமும்போது யார் காதிலும் பேச்சு ஏறாது. அதற்கு முன்பு, கார் பார்க்க வரிசையில் நிற்கும் நேரம்தான் ஆள்சேர்ப்பவருக்கு வாய்ப்பு. பொடிசுகளும் மொய்க்கும், அது வேறு விஷயம். 17 வயதுக்காரருக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்பதால், பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமும் பேசியாக வேண்டும். பெயர், வயது, படிப்பு எழுதி வாங்கிய சீட்டை ஓரிரு நாளில் எடுத்து அழைக்காவிட்டால், பையன் காரை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பான்.