ஒதெல்லோ வராத கோட்டை

பத்து விரலையும் விரித்துக் காட்டி "பத்து நிமிஷம்" என்றார் மினிபஸ் ஓட்டுநர். கடைசி இருக்கை நிரம்பும்வரை ஐம்பது நிமிஷம் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். சைப்ரஸ் தீவில், வடக்கு நிகோசியாவிலிருந்து ஃபமகுஸ்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். காலையில்தான் லெட்ரா தெருவில் எல்லை தாண்டியிருந்தேன். காபிக்கடை, செருப்புக்கடை, அடுத்து பாஸ்போர்ட் கூண்டு. கொஞ்சம் நடந்தால் இன்னொரு கூண்டு. 1974 முதல் கிரேக்கர் பக்கம், துருக்கியர் பக்கம் என்று இரண்டாகக் கிடக்கும் தீவு இது. இந்தத் தெருவைக் கடக்கவிட்டதே 2008இல்தான். அந்தப் பக்கம் யூரோ, இந்தப் பக்கம் லிரா. ஊர்ப் பெயரும் மாறிவிடுகிறது. சாலைப் பலகையில் ஃபமகுஸ்தா கிடையாது, காஸிமாஉசாதான்.

அறுவடை முடிந்த வயல், வறண்ட மண், மறுபடியும் வயல் என்று ஒரு மணி நேரம் ஓடியது. நான் போனது ஒரே ஒரு கட்டடத்துக்காக. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைப் படித்தோம். வெனிஸின் தளபதி ஒதெல்லோ, தனக்குக் கீழே இருக்கும் இயாகோவின் பேச்சைக் கேட்டு மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகித்துக் கொல்லும் கதை. முதல் அங்கம் வெனிஸில், மிச்சமெல்லாம் சைப்ரஸில். அந்த சைப்ரஸில் "ஒதெல்லோ கோட்டை" என்று ஒன்று இருக்கிறதென்றால் பார்க்காமல் விடுவதா?

ஊருக்குள் பார்க்க நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் தீவை ஆண்ட லூசிக்னன் அரசர்கள் கட்டிய தேவாலயம் இப்போது மசூதி. அதன் முன்னால் பல நூறு வருஷமாக நிற்கும் ஒரு அத்திமரம். அதன் நிழலில் ஒரு எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு நேரே கோட்டைக்கு நடந்துவிட்டேன்.

துறைமுகத்தை ஒட்டி, மதிலோடு மதிலாக உட்கார்ந்திருக்கிறது கோட்டை. வாசலுக்கு மேலே பளிங்கில் ஒரு சிறகு வைத்த சிங்கம், அப்போது தீவை ஆண்ட வெனிஸின் சின்னம். பக்கத்தில் நிக்கோலோ ஃபோஸ்காரி என்ற வெனிஸ் அதிகாரியின் பெயர், 1492 என்ற வருஷம். எழுத்துகளின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், அதில் ஒதெல்லோ என்று ஒரு எழுத்துகூட இல்லை. எப்படி இருக்கும்? ஷேக்ஸ்பியர் பிறந்ததே 1564இல். நாடகம் லண்டனில் வைட்ஹால் அரண்மனையில் ஆடப்பட்டது 1604 நவம்பர் 1 அன்று. நாடகத்தில் சைப்ரஸ் என்று வருகிறதே தவிர, எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. கதையை அவர் எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து. அதிலும் ஊர் பெயர் கிடையாது. 1500களின் தொடக்கத்தில் இந்தத் தீவை நிர்வகித்த ஒருவரின் குடும்பப் பெயர் மோரோ, அந்த மோரோதான் கதையில் 'மூர்' (ஒதெல்லோவை நாடகத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள்) ஆனார் என்று ஒரு கட்சி உண்டு. இருக்கலாம். கோட்டையின் பெயர் பிரிட்டிஷ்காரர்கள் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சிங்கம், ஒரு தேதி, ஒரு குடும்பப் பெயர். மீதியை வருகிறவர்கள் நிரப்பிக்கொள்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் வெயில் கொதிக்கும் முற்றம். ஒரு பக்கம் கல் வளைவுகள் தாங்கும் நீளமான கூடம். ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில், இரு தரப்பு சைப்ரஸ்காரர்களும் சேர்ந்த குழுவின் மேற்பார்வையில் பழுதுபார்த்து 2015இல் திறந்தார்கள். கூடத்துக்குள் குளுகுளு என்றிருந்தது. மேலே எங்கோ புறா குமுறிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் இருந்த நாடகத்தைத் திறந்தேன். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி.

படிக்கும் காலத்தில் எங்களுக்கு ஒரே சொல்லில் சொல்லிக்கொடுத்தார்கள், இது பொறாமை பற்றிய நாடகம் என்று. எனக்கு அப்போதே அது உதைத்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரையும் கட்டிவிடுகிறார்கள். நம் பேச்சில் அப்படி இல்லையே. தனக்கு வரவேண்டிய துணைத்தளபதி பதவி காஸியோ என்பவனுக்குப் போனதைப் பொறுக்க முடியாத இயாகோவுக்கு இருப்பது பொறாமை. ஒதெல்லோவுக்கு வருவது சந்தேகம். ஒருவனுடைய பொறாமை இன்னொருவன் தலைக்குள் சந்தேகமாக இறங்குவதுதான் இந்தக் காட்சி. நாம் 'கொளுத்திப் போடுவது' என்கிறோமே, அதுதான்.

அதை அவன் செய்யும் விதத்தைப் பாருங்கள். காஸியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு விலகிப் போகிறான். இயாகோ தனக்குள் முனகுவதுபோல "ம்ச், இது எனக்குப் பிடிக்கலை" என்கிறான். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். பிறகு, நீங்கள் காதலித்த காலத்தில் காஸியோவுக்கு அது தெரியுமா என்று ஒரு கேள்வி. காஸியோ நேர்மையானவன்தானே என்று ஒதெல்லோ கேட்டால் "நேர்மையானவனா, பிரபு?" என்று அதையே திருப்பி விடுகிறான். "என்ன நினைக்கிறாய்?" "நினைக்கிறேனா, பிரபு?" இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பாதி வாக்கியத்தைத் தொங்கவிடுகிறான். மறுபாதியை ஒதெல்லோ தானே எழுதிக்கொள்கிறான், அதனால் அது தன் சொந்த எண்ணம் என்று நம்புகிறான். போதாததற்கு, சந்தேகம் பச்சைக் கண் பூதம், அண்டவிடாதீர்கள் என்று எச்சரிப்பவனும் இவனே! கதவைப் பூட்டச் சொல்லிக்கொண்டே திருடன் உள்ளே வருகிறான்.

இதைப் படித்துத் தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே கேட்டார், "அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? சரி, விடுங்க, சாப்பிடுங்க." அவ்வளவுதான். அன்று மாலைக்குள் என் நெருங்கிய நண்பர் எனக்கு எதிராக என்னென்ன செய்திருப்பார் என்று முழுப் பட்டியலை நானே போட்டுவிட்டேன். இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அவர் என்னிடம் சொல்லாமல் விட்டது தன் அப்பாவின் நோயை.

இதில் எனக்கு உறைப்பது இன்னொன்று. முதல் அங்கத்தில் வெனிஸ் ஆட்சிமன்றத்தில் துருக்கியக் கப்பல்களைப் பற்றிக் கடிதங்கள் வருகின்றன. ஒன்றில் 107, இன்னொன்றில் 140, மற்றொன்றில் 200. எண்ணிக்கை ஒட்டவில்லை, ஆனால் எல்லாக் கடிதமும் சைப்ரஸ் பக்கம் வருகிறது என்பதால் அதை மட்டும் ஏற்கிறார்கள். கப்பல்கள் ரோட்ஸ் தீவை நோக்கிப் போவதாக அடுத்த செய்தி வந்ததும், இது நம் கண்ணைக் கட்டும் வேஷம் என்று ஒருவர் பிடித்துவிடுகிறார். மகளை ஒதெல்லோ மருந்து வைத்து மயக்கிவிட்டான் என்று டெஸ்டிமோனாவின் அப்பா பிரபான்சியோ கத்தும்போதும், சொன்னால் போதாது, சாட்சி எங்கே என்கிறார் ஆட்சித்தலைவர். அன்று அந்த விசாரணையில் தப்பித்தவன் ஒதெல்லோ. தனக்குக் கிடைத்ததில் கால்வாசி விசாரணையைக்கூட அவன் டெஸ்டிமோனாவுக்குக் கொடுக்கவில்லை.

கண்ணால் காணும் சாட்சி வேண்டும் என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கத்தான் செய்கிறான். கிடைப்பது கைக்குட்டை. ஸ்ட்ராபெரிப் பழங்கள் பின்னிய துணி, அவன் கொடுத்த முதல் பரிசு. அது எப்படிக் கீழே விழுந்தது? ஒதெல்லோ நெற்றி வலிக்கிறது என்கிறான். அவள் அதைக் கட்டிவிடப் பார்க்கிறாள். இது சின்னது, விடு என்று அவனே தள்ளிவிடுகிறான். அங்கே விழுந்ததுதான் பிறகு காஸியோவின் அறையில் கிடக்கிறது. "கைக்குட்டை எங்கே, கைக்குட்டை எங்கே" என்று அவளை உலுக்கும்போது, தள்ளிவிட்ட கை தன் கை என்பது அவனுக்கு நினைவே வரவில்லை.

தலைவலி என்றதும் எனக்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டிமாதேவி ஞாபகம் வந்தாள். ஆடல் மகளிர்மேல் அரசன் மனம் போனதென்று ஊடி, தலைநோய் என்று சொல்லிப் போகிறாள். சமாதானம் செய்யப் போகும் அரசனை வழியில் மடக்குகிறான் பொற்கொல்லன். அரசன் சொல்லிவிடுகிறான், "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு." அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை. இரண்டு இடத்திலும் கெடுப்பவனுக்குச் சரியான நேரம் தெரிந்திருக்கிறது.

சிந்தியோவின் கதையில் அந்த வில்லன் தன் மூன்று வயது மகளை டெஸ்டிமோனாவிடம் கொஞ்சவிட்டு, அந்த நேரத்தில் கைக்குட்டையை உருவுகிறான். ஷேக்ஸ்பியர் குழந்தையை எடுத்துவிட்டு, கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க இயாகோவின் மனைவி எமிலியாவைக் குனியவைத்தார். புருஷன் நூறு தடவை கேட்டானே என்று எடுத்துக்கொடுக்கிறாள், எதற்கென்று தெரியாமலே. கடைசிக் காட்சியில் வாயை மூடு என்று அவன் மிரட்ட மிரட்ட உண்மையைப் போட்டு உடைப்பவளும் அவள்தான். கத்தி பாய்கிறது. இந்த நாடகத்தில் நான் கும்பிடுவது அவளை.

மேலே ஏறினேன். கிரேன்கள், கம்பிவேலி, வெறும் கடல். நாடகத்தில் புயல் வந்து துருக்கியக் கப்பல்களை அழித்துவிடுகிறது. நிஜத்தில் அவை வந்தன. ஏறத்தாழ ஒரு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1571 ஆகஸ்டில் ஊர் விழுந்தது. வெனிஸ் தளபதி பிரகாதினைத் தோலை உரித்துக் கொன்றார்கள். இந்த மதில் பார்த்த கொலை அது. அதைத் தேடி யாரும் இங்கே வருவதாகத் தெரியவில்லை.

கீழே இறங்கும்போது ஒரு ஐரோப்பியத் தம்பதி காவலாளியிடம் எதையோ கேட்டார்கள். "டெஸ்டிமோனா" என்ற பெயர் மட்டும் என் காதில் விழுந்தது. அவர் வாயே திறக்கவில்லை. கூடத்துப் பக்கம் மோவாயை லேசாக உயர்த்தினார். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவர் கூட்டம் வந்து அதே பெயரைச் சொன்னது. இப்போது மோவாய் வடக்குக் கோபுரத்துப் பக்கம் உயர்ந்தது. அவர்கள் ஓடிப்போய் அங்கே படமெடுத்தார்கள்.

கடைசி மினிபஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வடக்குக் கோபுரத்தை நானும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.