குப்பை மலையும் நான்கு தொட்டிகளும்

முதல் பலகையை ஒரே ராத்திரியில் வரைந்து முடித்துவிட்டேன். பாம்பு ஏணி ஆட்டம் மாதிரியே 50 கட்டம். பாட்டிலைத் தொட்டியில் போட்டால் ஏணி, தெருவில் வீசினால் பாம்பு. நாலு வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுசுழற்சியைச் சொல்லிக்கொடுக்க இது போதும் என்று நினைத்தேன். அக்கா மகளும் அவள் தோழிகள் இருவரும் உட்கார்ந்து விளையாடினார்கள். குதித்தார்கள், கத்தினார்கள், ஆட்டமும் முடிந்தது. "நீ ஏன் கீழே இறங்கினே?" என்று கேட்டேன். "பாம்பு கடிச்சிடுச்சு சித்தி" என்றாள்.

அந்தக் கட்டத்தில் கிடந்த பாட்டில் அவள் கண்ணிலேயே படவில்லை. அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. பகடை சொன்ன இடத்துக்குப் போனாள், அவ்வளவுதான். ஆட்டம் முழுக்க அவளாக முடிவு செய்தது எதுவுமே இல்லை.

சரி, பகடையைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பதில் 30 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் படம். காகிதம், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்று மடித்துச் செய்த நாலு குட்டித் தொட்டிகள். அட்டையை எடு, பார், சரியான தொட்டியில் போடு. சின்னப் பிள்ளைகள் திணறக்கூடாதே என்று, தொட்டியின் நிறத்திலேயே அட்டைக்கும் ஓரம் போட்டிருந்தேன். பிரமாதமாகப் போனது. 30 அட்டையில் 28 சரி! இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் பிரிண்டரில் கலர் மை தீர்ந்துவிட்டது. தொலைந்துபோன ஓர் அட்டைக்குப் பதிலாக ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து மற்ற அட்டைகளோடு சேர்த்திருந்தேன். மடித்து வைத்த செய்தித்தாள், பார்த்ததும் தெரிகிற படம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் அதை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி திருப்பினான். "இதுல கலரே இல்லையே, எங்கே போடறது?" என்றான்.

இத்தனை நாள் பிள்ளைகள் பிரித்தது குப்பையை அல்ல, கலரை. நிறங்களைக் கற்றுக்கொடுக்கும் அருமையான விளையாட்டு ஒன்றை நான் செய்திருக்கிறேன்!

ஓரத்தை எடுத்தேன். தொட்டிகளுக்கும் நிறம் வேண்டாம், படம் போதும் என்று முடிவு செய்தேன். எப்படியும் தொட்டி நிறங்கள் ஊருக்கு ஊர் வேறு. சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிற பிள்ளைகளும் உண்டு. தப்புகள் மளமளவென்று கூடின, கூடவே பேச்சும் ஆரம்பித்தது. "இது தகரமா, பிளாஸ்டிக்கா?" என்று சண்டை. படத்தில் மூடி எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? அதனால் நிஜ மூடி, காலி டப்பா, சின்ன ஜாடி என்று ஒரு பை நிறையப் பக்கத்தில் வைத்தேன். சந்தேகம் வந்தால் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம். தட்டும் சத்தத்தை வைத்தே உலோகத்தைக் கண்டுபிடித்தாள் நாலு வயதுக்காரி ஒருத்தி. விளையாட்டில் எனக்குப் பிடித்த பகுதி இப்போது அந்தப் பைதான்.

எந்தப் பொருளைச் சேர்ப்பது என்பதில்தான் அதிக நாள் போனது. பழச்சாறு வரும் அட்டைப்பெட்டி பார்க்கக் காகிதம். உள்ளே பிளாஸ்டிக் படலம், பலவற்றில் அலுமினியப் படலமும் உண்டு. கடையில் தரும் பில் பல நேரம் வெப்பத்தில் அச்சாகும் ரசாயனம் பூசிய தாள். அதைப் பழைய காகிதத்தோடு சேர்க்கக்கூடாது. உடைந்த கண்ணாடி டம்ளர் பாட்டில் கண்ணாடியோடு ஒன்றாக உருகாது. மூன்றையும் நீக்கினேன். பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண்களையும் முதலில் வரைந்திருந்தேன். அமெரிக்காவில் 1988இல் வந்த குறியீடு அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும், மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தராது. பெரியவர்களே குழம்புகிற விஷயம், அதுவும் போயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டைப்பெட்டியை மட்டும் விட மனசில்லை. அதற்காகவே 'மீதி' என்று ஐந்தாவது தொட்டி வைத்துப் பார்த்தேன். எது தெரியாவிட்டாலும் எல்லோரும் அதிலேயே போட ஆரம்பித்தார்கள். மறுநாளே எடுத்துவிட்டேன், பெட்டியும் போனது.

அடுத்த தலைவலி அழுகை. தோற்ற பிள்ளை அழுதது. அதனால் எல்லோரும் ஒரே அணி என்று மாற்றினேன். தப்பாகப் போட்டால் குப்பை மலைமேல் ஒரு மரக்கட்டை ஏறும். பொம்மை லாரி வருவதற்குள் மலை சரிந்தால் எல்லோரும் தோல்வி. நல்ல யோசனைதான், ஆனால் கட்டைகள் சடசடவென்று சரிவதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று தப்பாகப் போட்டார்கள்! 'பாட்டிலைக் காகிதத்துல போடுடா, போடுடா' என்று உற்சாகம் வேறு. ஆட்டத்திலேயே வேடிக்கையான காட்சியைக் கொண்டுபோய்த் தோல்வியில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? இடம் மாற்றினேன். இப்போது மலை வெறும் கோடு, தப்புக்கு ஒரு கட்டம் நிறம் அடிப்பதோடு சரி. அதற்குப் பதில் ஐந்து அட்டை சரியாகச் சேர்ந்தால் லாரி சரிவில் ஓடிச் சரக்கைக் கொட்டும்.

கொட்டியதும் வந்த கேள்வி: "அப்புறம் அது எங்கே போகும்?" நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அட்டைகளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று அங்கே வரைந்தேன். செய்தித்தாளைத் திருப்பினால் முட்டை அடுக்கும் தட்டு. பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பினால் நூலாக மாறிச் சட்டை. அலுமினிய டப்பாவைத் திருப்பினால் மறுபடியும் டப்பா. தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 20இல் ஒரு பங்கு போதும், பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்ய. இதைப் பெற்றோருக்கான தாளில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை, பாட்டில் சட்டையானதே போதும்.

லாரிச் சக்கரத்தை ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தொண்டையில் சிக்குமா என்று பார்க்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுசாக அடங்குகிற பொருள் ஆபத்து. ஆட்டம் பெரிய பிள்ளைகளுக்குத்தான், ஆனால் வீட்டில் தம்பி தங்கை இருப்பார்களே. தாளைச் சுருட்டிக் குழாய் செய்து பார்த்தேன், சக்கரம் அழகாக உள்ளே போனது.

எல்லாம் முடிந்த சந்தோஷத்தில் பலகையையும் அட்டைகளையும் லேமினேட் செய்துகொண்டு வந்தேன். அக்கா ஓர் அட்டையை எடுத்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். "இது எந்தத் தொட்டி?" என்றாள். காகிதத்தின் இரு பக்கமும் ஒட்டிய பிளாஸ்டிக், பிரிக்கவே முடியாது. மறுபடியும் அச்சடித்தேன், வெறும் அட்டையில். இதுவரை இரண்டு முறை தண்ணீர் கொட்டிவிட்டார்கள். இப்போது நடப்பது மூன்றாவது பலகை.