ரோம்ல சாப்புடணும்னா டெஸ்டாச்சியோ பக்கம் போங்க

டூரிஸ்டுங்க குவியுற டிரெவி ஃபவுண்டன், பான்தியான் சுத்தி வாசல்ல ஆள் நின்னு கையப் புடிச்சு இழுக்காத கொறையா கூப்புடுற கடை, போட்டோ போட்ட மெனு, இதப் பாத்தா நிக்காம நடந்துருங்க. மெட்ரோல பிரமிதே ஸ்டேஷன் எறங்கி கொஞ்சம் நடந்தா டெஸ்டாச்சியோ. 1975 வரைக்கும் ரோமுக்கே ஆடு மாடு அறுக்குற எடம் இங்கதான், அங்க வேலை பாத்தவங்களுக்கு கூலியோட வாலு, குடலுன்னு மிஞ்சுனதையும் குடுப்பாங்களாம், அதுல வந்த சமையல்தான் இன்னைக்கும் இந்த ஏரியா ஸ்பெஷல், மாட்டு வாலை தக்காளி செலரியோட மணிக்கணக்கா வேகவைக்கிற கோடா அல்லா வாச்சினாரா இருக்கே, நல்லி எலும்பு உறிஞ்சி வளந்தவங்க விடவே மாட்டீங்க 😋

இதெல்லாம் வேணாம்னா காச்சோ எ பெப்பே. பாஸ்தால பெக்கோரினோ சீஸும் மிளகும் மட்டும்தான், ஆனா என்னா ருசி! வியாழக்கிழமைன்னா ஞோக்கி (உருளைக்கிழங்குல செய்யுற குட்டி உருண்டை) கேளுங்க, ரோம்ல அது பழைய வழக்கம்.

ராத்திரி ஏழரைக்கு முன்னாடி நல்ல கடை பெரும்பாலும் தொறக்காது, பசிக்குதேன்னு ஆறு மணிக்கே தொறந்திருக்குற கடைக்குள்ள நுழைஞ்சுறாதீங்க. பில்லுல பிரெட்டுக்குன்னு ஒண்ணு ரெண்டு யூரோ தனியா போட்டிருந்தா சண்டை போட வேணாம், அங்க அப்படித்தான். ஞாயித்துக்கிழமை மதியம் குடும்பம் குடும்பமா வந்து உக்காந்துருவாங்க, முன்னாடியே போன் பண்ணி டேபிள் சொல்லி வச்சுருங்க.