கருமருந்துத் துப்பாக்கியின் குழலில் துரு ஏறியதும் அதன்பின் நான் கற்றதும்

வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துப்பாக்கியை வாங்கிய முதல் ஆண்டிலேயே அதன் குழலில் துரு ஏற விட்டுவிட்டேன். சுட்டுவிட்டுத் திரும்பிய அன்றே எண்ணெய் தோய்த்த துணியை நான்கைந்து முறை உள்ளே செலுத்தித் துடைத்தேன். கடைசித் துணி ஓரளவு வெளுப்பாக வந்ததால் வேலை முடிந்ததென்று நம்பி உறையிலிட்டேன். மூன்று வாரம் கழித்து வெள்ளைத் துணியைக் கோலின் நுனியில் சுற்றி இறக்கியபோது அடிக்குழலில் சொரசொரவென்று உரசியது. வெளியே இழுத்தால், செங்கல் பொடியில் புரட்டி எடுத்ததைப் போலிருந்தது.

நான் துடைத்ததில் குறையில்லை. துடைத்த பொருளில்தான் பிழை. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. அது எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவான பகுதியே வாயுவாகிறது. மீதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகளாகிப் புகையோடு வெளியேறியும் குழலில் படிந்தும் போகிறது. இந்தப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது நீரில் எளிதாகக் கரையும், எண்ணெயில் கரையாது. ஆக, நான் அன்று செய்தது உப்பை அகற்றியதன்று, அதன்மேல் எண்ணெய் பூசி மூடியதே.

இப்போது, குழலுக்குள் மருந்து எதுவும் இல்லை என்பதை உறுதி செய்யாமல் எதையும் தொடங்குவதில்லை. காலிக் குழலில் கோலை இறக்கி, வாய் விளிம்புக்கு நேராகக் கோலில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். அந்தக் கோடு விளிம்புக்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

என் துப்பாக்கியில் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் கட்டையிலிருந்து தனியே வந்துவிடும். கேப்பு, அதாவது அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி, பொருத்தும் முனையைக் கழற்றி, குழலின் அடியை வாளியிலுள்ள வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்து, இறுக்கமான ஈரத்துணியைக் கோலால் மேலும் கீழும் இயக்கினால், பக்கத்துத் துளை வழியாக நீர் உள்ளே ஏறி இறங்கும். முதலில் மையைப் போன்ற நீர் வரும். அழுகிய முட்டை நாற்றமும் வீசும், அது கந்தகத்தின் வேலை. நீரை இரண்டு முறை மாற்றி, தெளிந்து வரும்வரை தொடர்வேன். கொதிநீர் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் அதையும் முயன்றேன். ஆனால் சில நிமிடங்களிலேயே உட்புறத்தில் மெல்லிய செம்மஞ்சள் படலம் தோன்றியதால் மறுபடி வெதுவெதுப்புக்கே திரும்பினேன்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். குழலின் நடுப்பகுதி இரண்டு துணியிலேயே உலர்ந்துவிடும். அடியில், மருந்து தங்கும் இடம் குறுகலாக இருப்பதால் பெரிய துணி அங்கே எட்டாது. சிறிய தூரிகையில் மெல்லிய துணியைச் சுற்றி அந்த மூலையைத் தனியே துடைப்பதும், கேப்பு முனையின் துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பார்ப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டன. கேப்பை அடிக்கும் சுத்தியலான குதிரையின் முகத்திலும் அதைச் சுற்றியுள்ள இடுக்கிலும் கேப்பின் கசடு தெறித்திருக்கும், அதையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துகிறேன். எண்ணெய் இதன்பிறகுதான். மெல்லிய படலமே போதும். கூடினால் அது அடியில் தேங்கும் என்பதால், முதல் நாள் இரவு குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்கிறேன்.

மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பழுப்புச் சாயல் தெரிந்தால் மீண்டும் நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுகிறேன். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயை முழுவதுமாகத் துடைத்தெடுத்து, மருந்திடாமல், பாதுகாப்பான திசையில் ஒரு கேப்பை மட்டும் வெடித்துத் துளை திறந்திருப்பதைப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணெய் தேங்கிய அடியில் மருந்து நனைந்தால் அது பற்றாது.

முதல் ஆண்டின் துருவை வெண்கலத் தூரிகையும் எண்ணெயும் கொண்டு தேய்த்து எடுத்தேன். ஆயினும் அது அரித்த குழிகள் அடிக்குழலில் அப்படியே உள்ளன. படிவு அவற்றுக்குள் ஒளிந்துகொள்வதால், மற்ற இடங்கள் பளிச்சென்று தெரிந்த பிறகும் அங்கே மட்டும் கூடுதலாக மூன்று துணிகள் கறுத்த பிறகே நான்காவது வெளுப்பாக வருகிறது.